முன்பின்னாகப் போட்ட ஜாக்கெட்

மருந்துக் கம்பெனி மேனேஜரே, அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது நீங்கள்தான்.

மல்லசமுத்திரம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்கு விடியுமுன்பே பைக்கில் தடுப்பு மருந்து கொண்டுபோகிற உங்கள் ஆள் அவர். ஒல்லியான, எப்போதும் இருமுகிற மனிதர். நீங்கள் கொடுத்த மெல்லிய ஜாக்கெட்டில் ஜிப் வழியாகக் காற்று புகுகிறது என்று, ஒரு அளவு பெரியதாகக் கேட்டு வாங்கி, ஜிப் முதுகுப் பக்கம் வரும்படி முன்பின்னாக மாட்டிக்கொள்வார். டீக்கடையில், பண்ணைக்காரனான என்னிடம் முதுகைக் காட்டுவார்.

"சாமி, ஜிப்பை இழுத்து உடுங்க."

"ஏனுங்க, வாரீங்களா போறீங்களான்னே தெரியலீங்க."

"நெஞ்சுக்குத் தெரியுமுங்க" என்று சிரிப்பார்.

முதுகில் அச்சடித்த கம்பெனிப் பெயர் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவில்லை என்று நேராகப் போடச் சொன்னீர்கள். போட்டார். மார்கழிக் காற்று நெஞ்சிலேயே அடித்தது. சளி நுரையீரலில் இறங்கிவிட்டது.

அந்த இருட்டில் உங்கள் பெயரை எவன் படித்தான்? பண்ணைக்காரர்கள் நாங்கள் கூடியிருக்கிற இந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.