முப்பத்தொரு மில்லி செகண்ட்

அவனை நாங்கள் 'ஆதாரம்' என்றுதான் கூப்பிடுவோம். பட்டப்பெயர் வைத்தது கடைக்காரர். பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்பவர் அவர். அவர் கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். ஒருவர் கணக்கு வாத்தியார், ஒருவர் லிஃப்ட் மெக்கானிக், நான் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவன். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரே கிறுக்குத்தான்: கம்ப்யூட்டர் ஏன் இப்படிக் கோணங்கித்தனம் பண்ணுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வது.

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தால் அவர் மானிட்டர் ஒரு நொடி இருண்டுவிடும். உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. நாற்காலியின் உலோகத் தண்டிலிருந்து பாயும் சின்ன மின்பொறி கேபிளைக் கலைக்கிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆனது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி லேப்டாப்பில் கை வைத்தாலே அது தூங்கிப்போகும். கடைசியில் பார்த்தால் அவர் கைச்சங்கிலியின் கொக்கியில் காந்தம். தன்னை மூடிவிட்டார்கள் என்று லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஒன்று பிடிபட்டுவிட்டால் அன்றைக்குக் காபி தனி ருசி.

நாங்கள் எந்தக் கதை சொன்னாலும் ஆதாரம் கேட்கும் முதல் கேள்வி, "ஆதாரம் இருக்கா?"

"ஆளு சொல்றதை விடுங்க சார். மெஷின் என்ன எழுதி வெச்சிருக்குன்னு பாருங்க. ஆளு மறப்பான், பயப்படுவான், பொய் சொல்லுவான். மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது" என்பான்.

அவனுக்கு அந்தப் பிடிவாதம் வந்ததற்குக் காரணம் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டவன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பிரிண்டருக்கு மை மாற்றும் ஆளாகச் சேர்ந்து, பதினான்கு வருடத்தில் அங்கிருந்த நாற்பது கம்ப்யூட்டர்களுக்கும் பொறுப்பாளன் ஆனான். ஆரம்பத்தில் அவன் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிகிரி இல்லாதவன் என்ன சொல்லிவிடப் போகிறான் என்ற அலட்சியம். ஒருமுறை ஏதோ கோப்பு அழிந்த விவகாரத்தில் பழி அவன் தலையில் விழ இருந்தபோது, மெஷினின் பதிவை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தான். பழி அத்தோடு விலகியது. அன்றிலிருந்து காகிதம் இல்லாமல் அவன் வாயைத் திறந்ததில்லை. ரிப்போர்ட் அடிக்கும் கம்ப்யூட்டர்களில் எந்த விசை எந்த நேரத்தில் அமுக்கப்பட்டது என்று குறித்துவைக்கும் சின்ன மென்பொருளையும் அவனே எழுதிப் போட்டிருந்தான். அதில் அவனுக்குப் பெருமை அதிகம்.

அந்த நிலையத்தில் ரிப்போர்ட் அடிப்பவர் ஒரு அம்மாள். எல்லாருக்கும் அவர் டைப்பிங் அக்கா. பரிசோதனைக் கருவி துண்டுச் சீட்டில் எண்களைத் துப்பும். அதைப் பார்த்து அவர் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு ரிப்போர்ட். இருபத்திரண்டு வருட அனுபவம். விரல்களைப் பார்க்காமல், திரையையும் பார்க்காமல், சீட்டை மட்டும் பார்த்து அடிப்பார்.

அவர்தான் முதலில் சொன்னார். "தம்பி, இந்த கீபோர்டு சரியில்ல. நான் அடிக்கிறதுக்கு மேல அதுவா ஒண்ணு சேத்து எழுதுது."

அவன் போய் ஐந்து நிமிடம் அடித்துப் பார்த்தான். ஒழுங்காக இருந்தது. அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டார். மறுபடி ஐந்து நிமிடம். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவன் போகக்கூட இல்லை. புகார்ப் பதிவேட்டில் மூன்று தடவையும் ஒரே வரி: 'சோதித்தேன். குறை இல்லை. பயன்படுத்துபவர் தவறு.'

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் இதை எங்களிடம் நகைச்சுவையாகச் சொன்னான். "எங்க அக்காவோட கீபோர்டுக்குச் சொந்தமா மூளை முளைச்சிருக்கு சார். அதுவா எழுதுதாம்." கடைக்காரர் சிரித்தார். வாத்தியார் சிரித்தார். நானும் சிரித்தேன், நன்றாகவே நினைவிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மனிதர் தன் அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். அதில் 22.4 என்று இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் மாத்திரையின் அளவை ஏற்றியிருக்கிறார். ஆறு வாரத்தில் அந்த அம்மாவுக்கு நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. நிலையத்தில் பழைய துண்டுச் சீட்டைத் தேடி எடுத்தார்கள். அதில் இருந்தது 2.4.

மேலாளர் அறையில் விசாரணை. டைப்பிங் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"நான் ரெண்டை ஒரு தடவைதான் சார் அடிச்சேன். அடிச்சது என் விரலுக்குத் தெரியும்."

மேலாளர் இவனைப் பார்த்தார். இவன் பதிவை அச்செடுத்துத் தயாராக வைத்திருந்தான். 2, மறுபடி 2, புள்ளி, 4. வரிசையாக நான்கு விசைகள்.

"சார், கம்ப்யூட்டர் தானா எதையும் எழுதாது. ரெண்டு தடவை அமுக்கினதா பதிவாகியிருக்கு. இதோ இருக்கு."

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மாலையே வேலையிலிருந்து நீக்கினார்கள். கடிதத்தில் 'கவனக்குறைவு' என்ற காரணம். அதற்குப் பிறகு அந்த வயதில் வேறு எந்த நிலையம் அவரை எடுக்கும்?

பதினோரு மாதம் போனது. ஒரு ஞாயிறு, என் முறை வந்தது. என் வீட்டு கீபோர்டில் 'ம' ஒரு தடவை அடித்தால் சில சமயம் இரண்டாக விழுகிறது என்று சொன்னேன். என் விரல் நடுங்குகிறது என்று மனைவி கேலி செய்ததையும் சொன்னேன்.

கடைக்காரர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "கீ துள்ளுது. உள்ளே இருக்கிற தகடு தேஞ்சு போச்சுன்னா ஒரு அமுக்குக்கு ரெண்டு தடவை தொடும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறினா இன்னும் துள்ளும். அஞ்சு நிமிஷம் அடிச்சுப் பாத்தா பிடிபடாது."

"விரல்தான் ரெண்டு தடவை அடிச்சுதோ என்னவோ, எப்படித் தெரியும்?" என்று கேட்டார் வாத்தியார்.

"நேரத்தைப் பாத்தா தெரிஞ்சுடும். ஒரே விரலால ஒரே கீயை ரெண்டு தடவை அடிக்கணும்னா, எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் நூறு மில்லி செகண்டாவது ஆகும். கீ துள்ளினா இருபது, முப்பதுலயே அடுத்தது விழும்."

எல்லாரும் என் கீபோர்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். ஆதாரம் மட்டும், "முப்பதா?" என்று கேட்டான். "ஆமா, கூடக் குறைய" என்றார் கடைக்காரர். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

திங்கள் காலை முதல் வேலையாக அவன் அந்தப் பழைய கோப்பைத் திறந்தான். விசாரணையில் அவன் மேசைமீது வைத்த அதே காகிதம். ஒவ்வொரு விசைக்கும் பக்கத்திலேயே நேரம் அச்சாகியிருந்தது. இரண்டு 2-களுக்கும் நடுவே முப்பத்தொரு மில்லி செகண்ட். அந்த எண் அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. விசைகளைப் படித்தவன் பக்கத்துப் பத்தியைப் படிக்கவில்லை.

அந்த கீபோர்டு இன்னும் அதே மேசையில் இருந்தது. புதிதாக வந்த பெண் அதில்தான் அடித்துக்கொண்டிருந்தாள். மதிய உணவு நேரத்தில் அவன் அங்கே உட்கார்ந்து, 2-ஐ மட்டும் திரும்பத் திரும்ப அடித்தான். எண்பத்தேழாவது அமுக்கில் இரண்டாக விழுந்தது. பிறகு நூற்றுநாற்பதில். பிறகு நூற்றுநாற்பத்தாறில்.

மேலாளரிடம் போனான். அவர் காகிதத்தைப் பார்த்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை இப்போ எதுக்குக் கிளறுற? முடிஞ்ச விஷயம்."

"சார், அந்த அம்மா தப்பு பண்ணலை."

"சரி. அப்போ இந்த ஒரு வருஷமா அந்த கீபோர்டுல அடிச்ச ரிப்போர்ட் எல்லாம்? ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, உங்க ரிப்போர்ட் தப்பா இருக்கலாம்னு சொல்றதா? கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான். கீபோர்டை மாத்து. பழசை உடைச்சுப் போட்டுடு."

கீபோர்டை மாற்றினான். உடைக்கவில்லை. அன்று மாலை அவன் மனைவி சொன்னாளாம், "உங்களை யாரும் கேக்கலையே, எதுக்கு நீங்களே போய் மாட்டிக்கறீங்க?" அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். டைப்பிங் அக்காவின் வீட்டுக்குப் போனோம். இரண்டாவது மாடி, ஒற்றை ஜன்னல் கூடம். உட்காரச் சொன்னார். அவன் காகிதத்தை நீட்டினான்.

"அக்கா, தப்பு உங்க மேல இல்ல. கீபோர்டுதான்."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். பொறுமையாக, மேலிருந்து கீழ்வரை.

"இது எப்ப எடுத்த பேப்பர்?"

"அன்னிக்கு மேலாளர் ரூம்ல காட்டினேனே, அதேதான்."

"அப்பவே இந்த நேரமெல்லாம் இதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ படிக்கலை."

"படிக்கலை அக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு மாசமா நான் போன்ல ஒரு நம்பர் போட்டா மூணு தடவை சரிபாக்கறேன் தம்பி. வீட்டைப் பூட்டிட்டுப் பாதி தெரு போய்த் திரும்பி வர்றேன். மறதி நோயா இருக்குமோன்னு எங்க வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். நூறுல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாங்க. கழிச்சேன். கடிகாரம் வரையச் சொன்னாங்க. வரைஞ்சேன். ஒண்ணுமில்ல, நல்லா இருக்கீங்கன்னாங்க. அப்பவும் எனக்கு நம்பிக்கை வரலை. மெஷினே எழுதி வெச்சிருக்கேன்னு இருந்துச்சு."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"அதை விடு. எழுதிக் கொடு. கையெழுத்துப் போட்டுக் கொடு."

அவன் எழுதினான். எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மூணு தடவை நான் வந்து சொன்னேன்னு எழுது. பேப்பர்ல இருந்ததை நீ படிக்கலைன்னும் எழுது." எழுதினான். வாசல்வரை வந்து கதவைத் திறந்து விட்டார்.

அந்தக் கடிதத்தோடு அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். நிலையம் வழக்கு நடத்தப் பயந்து நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. மீண்டும் வேலைக்கு வரலாம் என்று கடிதம் அனுப்பியது. அவர் போகவில்லை. இனிமேல் எண்களைத் தொட்டால் கை வராது என்று பதில் எழுதியதாகக் கேள்வி. அலுவலக ஆவணத்தை வெளியே கொண்டுபோனதற்காக இவன் வேலை போனது. இதற்கும் காகிதம் பக்காவாகத் தயாராக இருந்தது.

எங்கள் அறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் இந்தக் கதையை ஆள் பெயர் இல்லாமல் இணையத்தில் ஒரு கம்ப்யூட்டர் குழுவில் எழுதிப் போட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவருக்கு. அது பரவியது. 'இந்த வருடத்தின் சிறந்த பிழை' என்று ஒருவர் எழுதினார். 'எங்க ஆபீஸிலும் ஒரு அக்கா இப்படித்தான் புலம்புவாங்க' என்று ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு எழுதினார். இருநூறு பேர் தங்கள் கீபோர்டுகளைப் பற்றிச் சொன்னார்கள். எந்த வகை விசை அதிகம் துள்ளும் என்று நீண்ட விவாதம் நடந்தது. விழுந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவன் எல்லாவற்றையும் படித்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இப்போது ஒரு பார்சல் கிடங்கில் ஸ்கேனர் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான். சம்பளம் முன்னைவிடக் குறைவு. போன மாதம் வழியில் பார்த்து நிறுத்தினேன். நலம் விசாரித்த பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னான். வேலையை விட்டு அனுப்புவதற்கு முந்தைய இரண்டு நாட்களில், அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்த பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஐம்பது மில்லி செகண்டுக்குள் இரட்டித்த 2-கள், திருத்தப்படாமல் அப்படியே வெளியே போன ரிப்போர்ட்டுகள், தைராய்டு அம்மாவுடையதை விட்டுவிட்டு ஒன்பது. பட்டியலை மேலாளரிடம் கொடுத்தான். சுகாதாரத் துறைக்கும் எழுதினான். மனு கிடைத்தது என்று ஓர் அட்டை வந்தது. அதோடு சரி.

"யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"பேரு அந்தப் பதிவுல வராது. ரிப்போர்ட்டோட வரிசை நம்பர்தான்" என்றான். பிறகு ஒன்பது எண்களையும் மனப்பாடமாகச் சொன்னான், ஒவ்வொன்றும் ஆறு இலக்கம். சொல்லி முடித்துவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று போய் ஏறிக்கொண்டான்.