ஏறும் வண்டிக்கு வழி விடு

மனைப்பிரிவுக்காரர்கள் எங்கள் சமுதாயக் கூடத்தில் நடத்திய கூட்டத்துக்கு, மடிக்கணினி, மழைக்கால வீடியோக்கள், கையால் வரைந்த வரைபடம் என்று சகல ஆயுதங்களோடும் போயிருந்தேன். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்குச் சரிவில், எங்கள் வீட்டு வரிசைக்கு எதிரே, தேயிலையைப் பிடுங்கிவிட்டு வில்லா மனைகள் போடப்போகிறார்கள். மேலே பிரதான சாலையிலிருந்து இங்கே இறங்குவது ஒரு வண்டி மட்டும் போகிற தார்ச்சாலை. அது போதாது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் புதுச்சாலை ஒன்று. அதுவும் நடுவிலிருக்கும் சதுப்பின் மேல். அந்தச் சதுப்பின் ஊற்றிலிருந்துதான் எங்கள் வரிசைக்கே குழாய்த் தண்ணீர் வருகிறது. கோடையிலும் நின்றதில்லை.

நான் இரண்டாவது வீடியோவைப் போடுவதற்குள் சைட் மேனேஜர் கையமர்த்தினார். சமவெளிக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"பாப்பா நல்லா படிச்சிருக்குது. யூடியூப்ல."

கூடமே சிரித்தது. எங்கள் ஆட்களும் சேர்ந்துதான். அவர் வாங்கிக் கொடுத்த மிக்சர் இன்னும் வாயில் இருந்ததே.

அப்பா எழுந்தார். ரோட்டோரம் சின்ன மளிகைக்கடை வைத்திருப்பவர், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். "ஏனுங்க, ஊத்து மேல ரோடு போட்டீங்கன்னா எங்க ஊடுகளுக்குத் தண்ணி எங்கிருந்துங்க வரும்?"

"லாரித் தண்ணி வாங்கிக்கலாமுங்க. உங்களுக்கென்ன, கேன் தண்ணி போட்டு வித்தா யாவாரமாச்சு."

மறுபடியும் சிரிப்பு. அப்பா உட்கார்ந்துவிட்டார். அவர் கையிலிருந்த டீ ஆடை கட்டிப்போனது. குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு நியாயம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. அந்த வெள்ளைச் சட்டையைப் பழிவாங்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த வாரமே ஜேசிபி வந்து சதுப்பின் குறுக்கே வாய்க்கால் வெட்டியது, ஈரத்தை வடித்துவிட. எங்கள் குழாயில் முதலில் சேறு வந்தது, பிறகு விரல் தடிமனில் ஒழுகியது. மனுவோடு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "இன்னும் அனுமதியே குடுக்கலையேம்மா. குடுக்காதத எப்படி நிறுத்தறது?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ்ஸில் திரும்பி, பிரதான சாலையில் இறங்கி நடந்தேன். வழியில்தான் அந்த யோசனை கிடைத்தது. வெளியூர்க் கார் ஒன்று இறங்கிவந்து, காரட் ஏற்றிக்கொண்டு ஏறிய பிக்கப்புக்கு எதிரே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிக்கப் ஓட்டிய அண்ணன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், படகர், கீழே சொந்தமாகக் காரட் போடுபவர். அவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும், ரிவர்ஸ் எடுத்தாவது. லோடு வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் கிளட்ச் போய்விடும். இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சமவெளி டிரைவர்களுக்கு மட்டும் தெரியாது.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் போனேன்.

"ஞாயித்துக்கிழமை மனை பாக்க ஆளுக வேன்ல வர்றாங்களாம். அன்னைக்குக் காரட் புடுங்குனா என்னங்ண்ணா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் மட்டுமா, எல்லாருமா?"

"எல்லாரும். மேல கழுவற எடத்துக்கு வழக்கமாக் கொண்டுபோறதுதானே? ஒண்ணு பின்னால ஒண்ணா."

"பொல்லாத புள்ள அம்மிணி நீ," என்றார். அவர் தோட்டத்துக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கியிருந்தது. அதனால் சிரிக்கவில்லை.

ஞாயிறு பகல். மூடுபனி பாதிச் சரிவு வரை இறங்கியிருந்தது. முன்னால் மேனேஜரின் கார், பின்னால் வேன்கள். குறுகலான வளைவில் அண்ணனின் பிக்கப் எதிரே வந்து நின்றது. அதன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று, இன்னொன்று.

மேனேஜர் இறங்கிக் கத்தினார். "ஓரமா ஒதுக்குய்யா!"

"ஒதுக்க எடமில்லீங்க. லோடு ஏறுது. நீங்கதான் ரிவர்ஸ் எடுக்கோணும்."

"இத்தனை வண்டியுமா?"

"பொறுமையா எடுங்க. எங்களுக்கு அவசரமில்லீங்க, காரட்டு ஓடிப்போகாது."

எடுத்தார்கள். வளைவில், பனியில், ஏற்றத்தில், பின்னோக்கியே. கடைசி வேனின் சக்கரம் சாக்கடையில் இறங்கியது. உள்ளே ஒரு குழந்தை வாந்தியெடுத்தது. என் அப்பா கடையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர்களுக்குப் போய் உதவுகிறாரே என்று எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! நானோ மனை வாங்க வந்த ஓர் அம்மாவிடம் போய் நின்றேன்.

"இந்த ஒரே ரோடுதானா கண்ணு?"

"இப்போதைக்கு இதுதாங்க. புதுசு அங்க வருது, வாங்க காட்டறேன்."

சதுப்பின் ஓரத்தில் அவர் ஓரடி வைத்தார். செருப்பு உள்ளே போயிற்று, கால் மட்டும் வெளியே வந்தது. "இதுக்கு மேலயா ரோடு?" என்று அவர் கேட்டது, பின்னாலேயே ஓடிவந்த மேனேஜருக்கும் கேட்டது. அன்று வந்தவர்கள் யாரும் மனை பார்க்கவில்லை.

அவமானம் மேனேஜரை அவசரப்படுத்தியது. அடுத்தமுறை ஆட்களை அழைத்துவருவதற்குள் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று, நல்ல மழையில் ஜேசிபியைச் சதுப்பின் நடுவுக்கே விட்டார். எங்கள் மாடுகள்கூடச் சுற்றிக்கொண்டு போகிற இடம் அது. யாரும் சொல்லவில்லை. நானும்தான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரங்கள் முழுசாகப் புதைந்தன.

வெளியே இழுக்கக் கிரேன் இறங்க வேண்டும். கிரேன் இறங்க, பிக்கப்புகள் ஏறாமலிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை எங்கள் கடைவாசலுக்கு வந்தது.

"ஒரு நாள் மட்டும் வழி விடச் சொல்லுங்க."

"துருப்பிடிச்சு மக்கட்டும்," என்றேன் நான்.

அண்ணன் என்னைத் தனியே இழுத்தார். "டீசல் டேங்கு அதுக்குள்ளதான இருக்குது? ஒழுகுனா யாரு குடிக்கறது?"

என் பழி நான் குடிக்கிற தண்ணீரில்தான் மிதந்துகொண்டிருந்தது.

"சரி," என்றேன் மேனேஜரிடம். "வழி விடறோம். ஆனா வெட்டுன வாய்க்கால மூடிட்டுத்தான் வண்டி வெளிய போகோணும். மிஷின் வெச்சு மூட முடியாது, மண்வெட்டிதான். நீங்களும் எறங்கோணும்."

"நானா?"

"படிச்ச புள்ள சொல்லுதுங்க, கேட்டுக்குங்க," என்றார் அப்பா. அவர் குரலில் அப்படியொரு கூர்மையை நான் கேட்டதே இல்லை.

முழங்கால் சேற்றில் நின்று தன் ஆட்களோடு மேனேஜர் புல்லோடு கூடிய மண்கட்டிகளை வாய்க்காலில் எடுத்துப் போட்டார். எங்கள் வரிசை முழுக்கக் கரையில் நின்று பார்த்தது. யாரும் மண்வெட்டி தொடவில்லை, யாரும் டீயும் கொடுக்கவில்லை. கிரேன் வந்து இயந்திரத்தைத் தூக்கியது.

அவர்களின் அனுமதி விண்ணப்பம் எங்கோ மேசையில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் பாதிக்கு ஏறியிருக்கிறது. முதல் குடத்தை முகர்ந்து பார்க்கிறேன். டீசல் வாசம் இல்லை என்று ஒரு நாள் தோன்றுகிறது, இருக்கிறது என்று மறுநாள். வாசம் வருகிற நாட்களில், அவரை இன்னும் கொஞ்சநேரம் அந்தச் சேற்றிலேயே நிற்க வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.