தூக்காத கை

செல்வமணி பள்ளிக்கூடத்தை விட்டது படிப்பு வராமல் இல்லை. வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேட்டால் அவளுக்குப் பதில் தெரியும். வாய்தான் திறக்காது. வகுப்பு மொத்தமும் தன் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்போடு நின்று, களக்காட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினாள். பேசாமல் இருக்கிறவளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். கூட உட்கார்ந்து சுற்றுகிற பெண்களில் யார் வீட்டில் சண்டை, யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் விரல்கள் இலையை மடிக்கிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவளை, மேடையேறி வித்தை காட்டுகிற ஒருவனுக்கு ஏரலில் கட்டிக்கொடுத்தார்கள். அவன் பெயர் மந்திரமூர்த்தி. பேர் வைத்த அன்றே தொழிலும் முடிவாகிவிட்டது என்று ஊரில் கேலி பேசுவார்கள். மற்ற நாளில் செல்போன் ரிப்பேர் கடை. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம். சடங்கு வீடு, காதுகுத்து, பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். கயிறு வெட்டுவான், முட்டையை மறைப்பான். பிள்ளைகள் சிரிக்கும். பெரியவர்கள் பந்திக்கு எழுந்து போவார்கள். அதுதான் அவனுக்கு வருத்தம். மண்டபமே மூச்சுவிடாமல் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு வித்தை வேண்டும் என்று தவித்தான்.

எந்தக் கையில் பொருள் இருக்கிறது என்று சொல்லுகிற வித்தையைப் பிடித்தது அப்படித்தான். சாயங்காலம் காப்பி குடித்ததும் ஒரு புளியங்கொட்டையை அவளிடம் கொடுப்பான். அவள் முதுகுக்குப் பின்னால் கையை மாற்றி மாற்றி, இரண்டு கையையும் மூடி நீட்டுவாள். அவன் முகத்தை உற்றுப் பார்த்துச் சொல்லுவான். தப்பாகவே வரும்.

“ஏட்டி, ஒம் மூஞ்சில ஒரு எழவும் தெரியலையே. சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தாப்பல இருக்கு.”

“நீங்க ஒளிங்க. நான் சொல்லுதேன்.”

அவன் ஒளித்தான். அவள் சொன்னாள். மறுபடி ஒளித்தான், மறுபடி சொன்னாள். கடைசியில் கொட்டையைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, “எப்படிட்டி?” என்றான்.

“ஒளிச்ச கைப் பக்கம் ஒங்க மூக்கு லேசாச் சாயுது.”

அவன் கண்ணாடி முன்னால் போய் நின்று மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினான். “எங்க அப்பா மூக்குல்லா இது! அவரு இருக்கையிலயும் என்னக் காட்டிக்குடுத்தாரு, செத்தும் காட்டிக்குடுக்காரு.”

மூக்கு எல்லோரிடமும் பலிக்கவில்லை. ஒளித்துப் பழகினவர்கள் சிலையாக உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் வழி கண்டவள் செல்வமணிதான். கொடியில் துணி காயப்போடும்போது பார்த்தாள். கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்த கையை இறக்கினால் புறங்கை நரம்புகள் அமிழ்ந்து கிடக்கும். இரண்டு மூச்சு விடுவதற்குள் பைய எழும்பிவிடும். அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றுமணல் மறைகிற மாதிரி. கறுத்த கையில் நிறம் மாறாது. நரம்பு மாறும்.

மந்திரமூர்த்தி அதை வித்தையாக்கினான். பொருளை ஒளித்த கையை நெற்றிக்கு நேராகத் தூக்கி, குலசாமியை நினைத்துவிட்டு இறக்க வேண்டும். அதுவரை புருஷனும் பெண்டாட்டியும் சுவரைப் பார்த்து நிற்பார்கள். அவன் கண் கட்டியே இருக்கும். கை இறங்கியதும் அவள் மட்டும் திரும்பி, நீட்டிய கைகளுக்குக் கீழே குங்குமத் தட்டைப் பிடிப்பாள். இடது கையில் கண்ணாடி வளையல், வலது கையில் ஒற்றைப் பித்தளை வளையல். இடது கை என்றால் கண்ணாடி தட்டில் இடிக்கும், வலது என்றால் பித்தளை. அந்தச் சத்தத்தை அவன் ஒருவன்தான் கேட்பான். தட்டைப் பிடித்து நிற்கிறவளை எவன் பார்க்கிறான்? பார்க்காததுதான் அவளுக்கும் நிம்மதி.

வித்தை பிடித்துக்கொண்டது. பந்திக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மந்திரமூர்த்திக்கு ஏதோ அருள் வந்திருக்கிறது என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு கிளம்பியது. அவன் இல்லை என்று சொல்லவில்லை.

செல்வமணிக்குத்தான் பார்வையை நிறுத்த முடியாமல் போயிற்று. திருநெல்வேலி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களின் கை இறங்கும்போதெல்லாம் கண் நரம்புக்குப் போகும். ஒருநாள் அடுத்த தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார் என்று பார்க்கப் போனாள். வயிற்றின் மேல் சேர்த்துக் கட்டியிருந்த அவர் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் நரம்பு அமிழ்ந்து கிடந்தது, இப்போதுதான் தூக்கி இறக்கின கைகளைப் போல. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு என்று தன்னை அறியாமல் காத்திருந்தாள். எழும்பவில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் வாழ்க்கைக்குள் இசக்கியம்மா வந்தது ஒரு சடங்கு வீட்டில்.

இசக்கியம்மாவை ஏரலில் எல்லோருக்கும் தெரியும். ஆறு ஊருக்குள் புகுந்த அந்த மார்கழி வெள்ளத்தில் அவள் புருஷன் பெருமாள்ராஜ் ஆற்றங்கரை வாழைத்தோட்டத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்க்கப் போனார். மாடியில் ஏறி நின்றவர்கள் பார்த்தது ஒரு கையை மட்டும்தான். தண்ணீருக்கு மேலே தூக்கியபடி அந்தக் கை பாலம் வரைக்கும் போனதாம். உடம்பு கிடைக்கவில்லை. எங்கேயாவது கரை ஏறியிருப்பார், புத்தி பிசகி எந்த ஊரிலாவது திரிவார் என்று இசக்கியம்மா தாலியும் பொட்டுமாக இருந்தாள். அடுத்த மார்கழியும் போய்விட்டது.

புருஷனின் அண்ணன் பிச்சைக்கண்ணுக்கு அது பெரிய இடைஞ்சல். அவர் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. தம்பிக்குக் கருமாதி செய்யாத வீட்டில் பந்தல் போடலாமா கூடாதா என்று கேட்டுக் கேட்டே மாப்பிள்ளை வீட்டார் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்று அவர் கூப்பிட்டார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் ஆள் இருக்கிறான், வெள்ளை வந்தால் போய்விட்டான். இசக்கியம்மா மாட்டேன் என்றுவிட்டாள்.

சடங்கு நடந்த அன்று மண்டபத்தில், மந்திரமூர்த்தி “யாராவது ஒருத்தர் மேலே வாங்க” என்றதும் பிச்சைக்கண்ணு எழுந்தார். “ஏ இசக்கி, எந்தி. கோயிலுக்கு வரமாட்டேன்னே. இங்கன வச்சுப் பாத்துருவோம். இந்தத் தம்பி சொன்னாத் தப்பாது.” மடியிலிருந்து வாழை நாரால் கட்டிய இரண்டு இலைப் பொட்டலங்களை எடுத்தார். முன்யோசனையோடுதான் வந்திருந்தார்.

மண்டபம் அடங்கிவிட்டது. இத்தனை சனம் பார்க்க, மாட்டேன் என்று சொல்ல இசக்கியம்மாவால் முடியவில்லை. மேலே வந்து கைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டாள்.

“ஒரு கையத் தூக்கி இறக்குவா. அது எந்தக் கை, அதுக்குள்ள என்ன பூ, ரெண்டையும் சொல்லும்வே” என்றார் பிச்சைக்கண்ணு.

“சொல்லிருவோம் அண்ணாச்சி” என்றான் மந்திரமூர்த்தி, கண்ணைக் கட்டிக்கொண்டே.

சுவரைப் பார்த்து நின்ற செல்வமணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பூ எதில் இருக்கிறது என்று இசக்கியம்மாவுக்கே தெரியாது. தெரியாதவளின் கையை எப்படிப் படிப்பது? அவள் திரும்பியபோது வலது கை நரம்பு அமிழ்ந்திருந்தது. அது தூக்கின கை எது என்று மட்டும்தான் சொல்லும். பித்தளையைத் தட்டினால் தன் புருஷன் வலது என்பான், கூடவே சிவப்பு என்பான். அவன் கெட்டவன் இல்லை, கைதட்டலுக்கு ஏங்குகிறவன். பொட்டலத்தில் வெள்ளை இருந்துவிட்டால், ‘ஆள் இருக்கிறான்’ என்று கேட்ட காதோடு இசக்கியம்மா அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார் அல்லவா, கட்டினவர்? செல்வமணி பிச்சைக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார். மூக்கு எந்தக் கைப் பக்கமும் சாயவில்லை. எந்தக் கை ஆனாலும் அவருக்கு ஒன்றுதான்.

தட்டு சத்தம் போடவில்லை. வகுப்பில் ஒருநாளும் திறக்காத வாய் திறந்தது.

“அக்கா, ரெண்டும் ஒண்ணுதான்.”

இசக்கியம்மா அவளைப் பார்த்தாள். பிறகு பல்லால் நாரைக் கடித்து இரண்டையும் பிரித்தாள். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டை.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை விட்டுவிடலாம். “நான் என்ன செய்ய, எம் பிள்ளைக்கும் வயசாகுதுல்லா” என்று பிச்சைக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். கை கழுவுகிற இடத்தில் இசக்கியம்மா செல்வமணியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏளா, எப்படித் தெரிஞ்சுது?”

செல்வமணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. மூக்கு, நரம்பு, எல்லாவற்றையும் சொன்னாள். “வித்தைதான்க்கா. அருளும் இல்ல ஒண்ணும் இல்ல.” இசக்கியம்மா கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்தது சில நாள் கழித்து, நல்ல உச்சி வெயிலில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மந்திரமூர்த்தி கடையில் இருந்தான். இசக்கியம்மா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நானே கட்டினேன். ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை. பானைக்குள்ள போட்டுக் குலுக்கி, கண்ண மூடிட்டு எடுத்தேன். எதுல எதுன்னு எனக்கும் தெரியாது. வலது கைல உள்ளதுதான் எனக்குப் பதில். நீ பாரு.”

“அக்கா, இதுல எனக்கு என்ன தெரியும்? நீங்க கையத் தூக்கவே இல்லையே.”

“தூக்கலை. நீ பாரு.”

பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தாள். கண் போய்விட்டது. தோட்டவேலை செய்த கைகள். இடது புறங்கையில் நரம்புகள் வேர்போலப் புடைத்திருந்தன. வலது புறங்கை வழித்துவிட்டாற்போல இருந்தது. ஒரு நரம்பு இல்லை. வெயிலில் நடந்து வந்தவளின், தூக்கவே தூக்காத கை. செல்வமணி ஒரு மூச்சு காத்தாள். இரண்டு மூச்சு காத்தாள். அடுத்த தெருப் பெரியவரின் கைகள் நினைவுக்கு வந்தன. எழும்பவில்லை. மூடிய விரல் இடுக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கித் தரையில் விழுந்தது. பூவை நனைத்துக் கட்டியிருப்பாளாக இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் கலங்கலாக இருந்தது. வண்டல் வாடை அடித்தது.

“எனக்குத் தெரியலக்கா” என்றாள் செல்வமணி. “நெசமாத் தெரியல. நீங்க வீட்டுக்குப் போங்க.”

இசக்கியம்மா கையைப் பார்க்கவில்லை. செல்வமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வந்ததிலிருந்தே.

“நீ சொல்ல வேண்டாம் தாயி. ஒம் மூக்கு சாஞ்சிருச்சு.”

வலது கையை விரித்தாள். நந்தியாவட்டை, இதழ் ஓரமெல்லாம் மண்ணாக. அவள் அழவில்லை. அந்தக் கையை இடது கையால் பைய நீவிவிட்டாள், உறங்குகிற பிள்ளையைத் தடவுகிற மாதிரி.

“பாலம் வரைக்கும் தூக்கிக்கிட்டே போனாகளாம்லா” என்றாள். “ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கை கடுத்திருக்கும். இனிமே இறக்கிக்கிடட்டும்.”

அந்த வாரமே யாரும் சொல்லாமல் அவளாகவே ஆற்றில் இறங்கித் தாலியைக் கழற்றினாள். பிச்சைக்கண்ணு கருமாதி செய்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு மந்திரமூர்த்தியை வித்தைக்குக் கூப்பிட்டார்கள். கிளம்புகிற நேரத்தில் செல்வமணி பித்தளை வளையலைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஏட்டி, நல்லா ஓடுத ஐட்டம்ட்டி இது. ஊரே அதத்தானே கேக்கு!”

அவள் அவன் விரல்களை வளையலின் மேல் மடக்கிவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வளையலைப் பெட்டிக்குள் போட்டு, கயிறும் முட்டையுமாகக் கிளம்பினான்.

செல்வமணி இப்போதெல்லாம் கூட்டத்தில் தலையைக் குனிந்தே இருக்கிறாள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறாள். கூச்சம் கூடிப்போயிற்று என்று பக்கத்து வீட்டார் சொல்லுகிறார்கள். கொடியில் துணி போடும்போது மட்டும் கை மேலே போகத்தான் வேண்டும். போட்டு முடித்ததும் சட்டென்று இறக்கி, வெயிலில் இரண்டு புறங்கையையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. நரம்பு எழும்பின பிறகுதான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.