வெள்ளை மாத்திரை ராத்திரிக்கு

எங்கள் ஜன்னலில் மாத்திரைகளுக்குப் பெயர் கிடையாது. பெயர் அட்டையில் இருக்கும், டாக்டர் எழுதிய சீட்டில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருக்கும். ஜன்னலைத் தாண்டி நோயாளியின் கைக்குப் போகும்போது அது ரோஸ் ஆகிவிடும், வெள்ளை ஆகிவிடும். "ரோஸ் காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி. வெள்ளை ராத்திரி சாப்ட்டுட்டு." ரோஸ் என்றால் சர்க்கரைக்கு, வெள்ளை என்றால் பிரஷருக்கு. செஞ்சிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகச் சேர்ந்த நாளிலிருந்து இந்த வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். என் நைனாவுக்குக் கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து தெரியாது. அவரும் மாத்திரையை நிறம் பார்த்துத்தான் போடுவார். அதனால் வேலையில் உட்கார்ந்தபோதே ஒன்றை முடிவு செய்தேன். என் ஜன்னலுக்கு வருகிற யாரும் நான் சொன்னது புரியாமல் திரும்பிப் போகக் கூடாது. படித்தவன் மாதிரி வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லி அனுப்புவது எனக்கு அசிங்கமாகப் பட்டது. நிறம் எல்லாருக்கும் தெரிந்த எழுத்து என்று நினைத்தேன்.

மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து லோடு வந்தால் இறக்கிச் சரிபார்ப்பது என் வேலை. பேட்ச் எண், காலாவதி தேதி, பெட்டிகளின் எண்ணிக்கை. சீக்கிரம் காலாவதி ஆவது முன்வரிசையில், மற்றது பின்வரிசையில். நான் சொல்லப்போகிற தப்பு நடந்ததற்கு முந்தின நாளும் லோடு வந்தது. வியர்க்க வியர்க்க எல்லாவற்றையும் சரிபார்த்தேன், ஒரு பெட்டி கூடக் குறையவில்லை. நிறத்துக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் மாத்திரையைத் திறந்து பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாந்திர மருந்து வாங்குகிறவர்கள் வரும் நாள். வரிசை வாசல் வேப்பமரம் வரை நின்றது. எங்கள் தலைமை மருந்தாளுநர் மேடம் உள்ளே வார்டுக்கான மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் நான் மட்டும். பத்து மணிவாக்கில் பழைய இருப்பு தீர்ந்தது. புதுப் பெட்டிகளை உடைத்தேன். கண் சீட்டில் இருந்தது, கை அட்டையை எடுத்தது, வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. அட்டையின் பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டுத்தான் கொடுத்தேன். அதில் பிழையில்லை. ரோஸ் ஒன்று, வெள்ளை ஒன்று, எப்போதும் போலத்தான் போய்க்கொண்டிருந்தது.

பதினோரு மணி தாண்டி, மருந்து வாங்கிப் போன ஒரு பெரியவர் திரும்பி வந்து ஜன்னலில் முகத்தை வைத்தார். தொண்டூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துக்காரர், விவசாயி.

"தம்பி, ஒரு சந்தேகம்."

"யோவ் பெரிசு, வரிசையில வா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"மருந்துக்குத்தான்யா வரிசை. கேள்விக்கு எங்க வரிசை போட்டிருக்குது, காட்டு, போய் நிக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "நாங்க பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். உனக்கே தெரியும். சக்கரை மாத்திரைய போட்டுட்டு வயித்த காயப்போடக் கூடாதுன்னு நீதான சொன்ன? அதுக்காவ நான் அத ஒண்ணுக்கு ரெண்டு தபா எழுத்துக்கூட்டிப் பாத்துதான் எடுத்துக்கினு போவேன். இப்ப இன்னாடான்னா, சக்கரை மாத்திரை பேரு வெள்ளை அட்டையில இருக்குது. நீ வெள்ளைய ராத்திரின்ற."

அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். கம்பெனி மாறியிருக்கிறது. சர்க்கரை மாத்திரை வெள்ளையாக வந்திருக்கிறது, பிரஷர் மாத்திரை ரோஸாக. நான் கொடுத்தது சரியான மருந்து. சொன்னது தலைகீழ்.

மேடத்தைக் கூப்பிட்டேன். அட்டைகளைப் பார்த்தவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எத்தினி பேருக்குப் போயிருக்குது?"

"தெரியல மேடம். புதுப் பெட்டி ஒடச்சப்புறம்…"

"தெரியலன்னு சொல்றதுக்கா கம்ப்யூட்டர் வச்சிருக்குது? எண்ணு. ஜன்னல நான் பாத்துக்கறேன்."

இரண்டு மாத்திரையும் சேர்த்து வாங்கியவர்கள் பதினோரு பேர். ஒருவர் எதிரிலேயே நின்றார். மூன்று பேர் வாசல் டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் இருப்பார்கள் என்று தோன்றியதும் நான் பாய்ந்தேன். "ஓடாத, நட. ஓடனா ஜனம் பயந்துக்கும்" என்று மேடம் உள்ளிருந்து சொன்னார். நடந்தேன். மூன்று பேரையும் பிடித்தேன். மற்றவர்களுக்குப் போன் போட்டேன்.

"அப்ப மாத்திரை டூப்ளிகேட்டா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லைங்க. மாத்திரை நல்ல மாத்திரைதான். நான் சொன்னதுதான் தப்பு."

முதல் இரண்டு போனில் இந்த வாக்கியத்துக்கு முன்னால் 'ஒரு சின்ன மாற்றம்' என்றெல்லாம் சுற்றி வளைத்தேன். ஆறாவது போனில் அது நேராக வந்தது.

மிச்சம் ஒருவர். ஐம்பதைத் தாண்டிய பெண், பனமலைக்குப் பக்கத்து ஊர். பதிவில் இருந்த எண் அவருடைய மகனுடையது. அந்த மகன் ஓசூரில் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட போன் இல்ல சார். இருந்தது கெணத்துல உழுந்துச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்களும் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. இன்னா சார், எதுனா பிரச்சனையா?"

"வீட்ல கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல, தனியாத்தான். அது ஏழு மணிக்கெல்லாம் சாப்ட்டு மாத்திரைய போட்டுக்கினு படுத்துரும் சார்."

டாக்டரிடம் போய்ச் சொன்னோம். சர்க்கரை மாத்திரையை இரவில் போட்டுத் தூங்கினால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் வியர்ப்பதைப் பார்த்து எழுப்பி, சர்க்கரைத் தண்ணீராவது கொடுப்பார்கள். தனியாகப் படுத்திருப்பவரை யார் எழுப்புவது? அந்த ஊருக்கான கிராமச் செவிலியர் அன்று பயிற்சிக்கு விழுப்புரம் போயிருந்தார். "ஏழு மணிக்குள்ள யாராவது நேர்ல பாத்தே ஆவணும்" என்றார் டாக்டர்.

"நான் போறேன் சார்" என்றேன். மேடம் ஒரு மாதத்துக்கான மாத்திரையை மறுபடியும் எடுத்துப் பதிவு செய்து, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். "ஆளப் பாக்காம திரும்பாத. பாத்துட்டு எனக்குப் போன் போடு." அவ்வளவுதான்.

ஜன்னல் வேலை முடிந்து, வார்டுக்கு எடுத்து வைத்ததைக் கொடுத்துவிட்டு பைக்கை எடுக்கும்போது மணி நாலு தாண்டிவிட்டது. வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் காதில் ஓடியது. வெள்ளை ராத்திரி சாப்ட்டுட்டு. அதைச் சொன்ன குரல் எவ்வளவு அன்பாக இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. எழுத்து தெரியாதவர்களுக்கு நிறமே போதும் என்று நான்தான் முடிவு செய்திருந்தேன். அவர்கள் யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. கம்பெனிக்காரன் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் மாத்திரை செய்யலாம் என்பது இரண்டு வருஷம் பார்மசி படித்த எனக்குத் தெரியும். பாடத்திலேயே இருந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் எளிமையாகப் பேசுகிறேன் என்று திரிந்திருக்கிறேன்.

வீடு பூட்டியிருந்தது. தெருவில் கேட்டதற்கு, ஏரிக்கரை ஓரம் மல்லாட்டை ஆயப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காலையில் மருந்து வாங்கி வந்த கையோடு அரைநாள் வேலைக்குப் போய்விட்டிருக்கிறார். பிடுங்கிய நிலக்கடலைச் செடிகளைக் குவித்து வைத்து, ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் பைக்கை நிறுத்தியதும் பேச்சு நின்றது.

"யாரு, லோன்காரனா? இங்க யாரும் இல்ல, போ போ" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் தேடிய அம்மா என்னை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பார்த்த முகம்தானே. "ஆஸ்பத்திரியில மாத்திரை குடுக்கறவன்மா" என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"என் புள்ளைக்கு எதுனா ஆயிடுச்சா?"

"அய்யோ, இல்லம்மா. உங்க மாத்திரையப் பத்திதான். இன்னிக்குக் குடுத்ததுல இன்னும் எதுவும் போடலியே?"

"காலையிலதான் பழசுல ஒண்ணு போட்டுக்கினு வந்தேன். புதுச ராத்திரிதான் போடுவேன்."

மூச்சு வந்தது. ஆனால் அவரோடு வீட்டுக்குப் போய் மாத்திரையைப் பார்த்தால், அட்டையே இல்லை. இரண்டு பிளாஸ்டிக் டப்பா, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் ரோஸ். பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் பிதுக்கி எடுத்து, வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் போட்டுவிட்டாராம்.

"அட்டையோட வச்சா எலி இழுத்துக்கினு பூடுது தம்பி. அதான் எப்பவும் வர்ற வழியிலயே பிச்சிடுவேன்."

போன மாத மிச்சமும் அதே டப்பாக்களில்தான். வெள்ளை டப்பாவில் பழைய பிரஷர் மாத்திரையும் புதிய சர்க்கரை மாத்திரையும் கலந்து கிடந்தன. ஒரே அளவு, ஒரே வட்டம். உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படித்த எனக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இத நான் எடுத்துக்கினு போறேம்மா. வேற கொண்டாந்திருக்கேன்."

அவர் டப்பாவை மார்போடு சேர்த்துக்கொண்டார். "பத்து நாளு மாத்திரை மிச்சம் வச்சிருக்கேன். மழை தண்ணின்னா செஞ்சிக்கு வர முடியுமா? நல்ல மாத்திரைய எதுக்குத் தூக்கிக் குடுக்கணும்?"

"எது எதுன்னு எனக்கே தெர்லம்மா. வெள்ளைய ராத்திரி போட்டீங்கன்னா சக்கரை எறங்கிடும். தூக்கத்துலயே மயங்கிடுவீங்க."

"வெள்ளைய ராத்திரி போடுன்னு நீதான தம்பி சொன்ன?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு."

"தப்பா சொன்னதுக்கா இம்மாந்தூரம் வந்த?" என்றார். பிறகு இரண்டு டப்பாவையும் என் கையில் கவிழ்த்தார். "அப்ப இத சரியா சொல்லிட்டுப் போ. எழுத்துன்னு ஆரம்பிச்சியோ, எனக்கு வராது. கலருன்னும் சொல்லாத. அதுதான் இப்படி ஏமாத்துதே."

நான் புதிய பிரஷர் அட்டையின் ஓரத்தை மடித்துக் காட்டினேன். "மடிச்சது ராத்திரி."

"மடிச்சது நிமுந்துக்கும்." அரிவாள்மனையை இழுத்துப் போட்டார். "எந்தப் பக்கம் நறுக்கலாம்?"

பெயரும் தேதியும் இல்லாத மூலையைக் காட்டினேன். பிரஷர் அட்டைகளின் மூலைகளை ஒவ்வொன்றாக நறுக்கினார். கரண்ட் போனாலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். பிதுக்கிப் போடாமல் அட்டையோடு ஒரு மூடி போட்ட டப்பாவில் வைப்பது என்று பேசி முடித்தோம். காலியாக இருந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் துடைத்தார். எலிக்கு அது போதும்.

நான் அங்கேயே உட்கார்ந்தேன். சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். வேண்டாமென்றதற்கு, "ஆஸ்பத்திரிக்காரங்க எங்க ஊட்ல சாப்ட மாட்டீங்களா?" என்று கேட்டதால் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு மூலை நறுக்கிய அட்டையைத் தடவி எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். போட்டுக்கொண்டார். மகனுக்கு என் போனிலேயே பேச வைத்தேன். மேடத்துக்கும் சொன்னேன். "சரி" என்றார். "நாளைக்கு வந்து நடந்தத எழுதிக் குடு. ஒண்ணும் வுடாம எழுது."

எழுதிக் கொடுத்தேன், என் வாக்கியம் உட்பட. இப்போது லோடு வந்தால் ஒவ்வொரு மருந்திலும் ஒரு அட்டையை வெளியே எடுத்துப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பதிவேட்டில் ஸ்கேல் வைத்து நானே ஒரு கட்டம் போட்டேன். நிறம் மாறினால் சிவப்பு மையில் எழுதி ஜன்னலில் ஒட்டுகிறோம். இரவு மாத்திரைக்கு மூலையை நறுக்கிக் கொடுக்கிறோம். ஓர் ஆளுக்கு அரை நிமிஷம் கூடுகிறது. மேடம் அதைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிக் காட்டினார், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசைதான் திட்டுகிறது.

"இன்னா சார், மாத்திரை குடுன்னா டைலர் வேலை பாத்துக்கினு இருக்கிற?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார்.

"இது இன்னா மாத்திரை, எப்ப போடணும்? சொல்லுங்க, அப்புறம் போலாம்."

"அத நீதான சொல்லணும்?"

"நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அட்டையைத் தடவி, நறுக்கிய மூலையைக் கண்டுபிடித்து, "இது பிரஷரு, ராத்திரி சாப்ட்டுட்டு" என்றார். சரி என்று சொல்லி அடுத்த சீட்டை வாங்கினேன்.