நூறு கிராம் சீஸ், நூறு கிராம் மக்ரோனி

"அஞ்சு கிலோ ஏறட்டும். ஏறினால்தான் ஒப்பரேஷன்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் வயிற்றில் இருந்த கட்டி அதுவரை காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சண்டைக் காலம்; யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட அனுமதிப் பாஸ் அவர் ஒருவருக்குத்தான் கிடைத்தது. அம்மா அங்கேயே நின்றுவிட்டார். கொழும்பு வெள்ளவத்தையில் என் ஒற்றை அறையில் வைத்து அப்பாவின் நிறையைக் கூட்டும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது.

கந்தோரில் என்னோடு வேலை செய்த கொம்பனித்தெரு முஸ்லிம் அக்கா ஒருநாள் மக்ரோனி செய்து தந்துவிட்டார். பாலும் கிறீமும் விட்டுக் குழைவாகச் செய்தது. அப்பா கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

"வழுக்கிக்கொண்டு இறங்குது, பிள்ளை. நாளைக்கும் கிடைக்குமே?"

கொழும்புக்கு வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்த மண்டைக்கனம் விடவில்லை. காலி வீதிக் கடையில் ஒரு கையில் சீஸ் பெட்டியும் மறு கையில் மக்ரோனிப் பைக்கற்றுமாக நின்று பின்பக்கத்தில் இருந்ததை வாசித்தேன். நூறு கிராமுக்கு நூறு கிராம் பார்த்தால் புரதம், கல்சியம், கொழுப்பு எல்லாவற்றிலும் சீஸ்தான் முன்னுக்கு நின்றது. மக்ரோனி வெறும் கோதுமை மா. மேலே விடுகிற பாலிலும் கிறீமிலும்தான் ஏதோ கொஞ்சம் சத்து.

"மாவைத் திண்டு ஆருக்கு உடம்பு தேறினது?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, சீஸைக் கொண்டுவந்து வைத்தேன்.

வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணத் துண்டுகள். தினமும் வேலைக்குப் போகுமுன் மூன்றை எடுத்து அவர் கட்டிலருகே வைப்பேன். பின்னேரம் வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

"சாப்பிட்டனீங்களே?"

"ஓம், ஓம்."

மருந்துக்கடை வாசலில் நிறை பார்க்கிற மெஷினில் ஏற்றினால் முள் பின்னுக்குத்தான் போனது. ஒருநாள் அந்த வாசலிலேயே, சனம் பார்க்கப் பார்க்க, அவரை ஏசினேன்.

"உங்களுக்குச் சுகப்பட விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ. ஏன் என்னை வதைக்கிறியள்?"

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு நடந்தார். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

ஒப்பரேஷன் நடக்கவில்லை. இரண்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேருமுன்பே தகனமும் முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முந்தின நாள் ஒருவர் கதவைத் தட்டினார். பக்கத்து ஒழுங்கை லொட்ஜில் தங்கி, ஊருக்கும் கொழும்புக்கும் சாமான் கொண்டுபோய் வருகிறவர். அன்று காலைதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். அப்பா செத்தது அவருக்குத் தெரியாது.

"அய்யா நிக்கிறாரே, தங்கச்சி? அவர் தந்த சீஸ் பார்சல் எல்லாம் பழுதில்லாமல் குடுத்தனான். இனி அனுப்ப வேண்டாமெண்டு அம்மா சொல்லிவிட்டவா. அவ அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்குத்தான் குடுக்கிறாவாம். அய்யாவே சாப்பிடட்டாம்."

அவர் போன பிறகு அப்பாவின் கட்டிலில் இருந்து அழுதேன். புரதம் பார்த்தேன், கல்சியம் பார்த்தேன். தாள் சுற்றிய ஒன்று கையில் கிடைத்தால் அப்பா அதை அம்மாவுக்கென்றுதான் எடுத்துவைப்பார் என்பது மகளான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழைந்த மக்ரோனியை அவரால் ஒருவருக்கும் பார்சல் கட்டியிருக்க முடியாது. அவரே சாப்பிட்டிருப்பார்.