லூசியா வாய் திறக்காத காலை

போன சனிக்கிழமை லண்டன் லூயிஷாமில், பழைய சாமான் விற்கும் ஒரு சாரிட்டிக் கடையில் சிவப்பும் வெள்ளையுமான சிறு மரக் கட்டைகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. எடுத்து முகர்ந்தேன், தரை மெழுகின் வாசம். அவ்வளவுதான், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் உதவியாளராக இருந்த பள்ளி வந்துவிட்டது, ஈர மேலங்கிகளோடும் அவித்த முட்டைக்கோவா நாற்றத்தோடும்.

ஸ்பானிஷ் தெரியும் என்றுதான் என்னை எடுத்தார்கள். சிரிக்காதீர்கள். அலுவலகம் கூட்டும் வேலையில், எக்குவடோர்ப் பெண்களோடு வாளி தூக்கிக் கற்ற ஸ்பானிஷ். அழுக்கையும் முதலாளியையும் பற்றிச் சரளமாகப் பேசுவேன். ஏழு வயது லூசியாவுக்கு அது போதுமாயிருந்தது. மைதானத்தில் என் கையைப் பிடித்தபடி ஓயாமல் பேசுவாள்: ஊர் எரிமலை, மாமாவின் கழுதை, மேகங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம். வகுப்பில் மட்டும் மௌனம். அதனால் சோதிக்க உளவியலாளர் வந்தார், கழுத்தில் அடையாள அட்டை தொங்க.

கேள்விகளை நான் ஸ்பானிஷில் சொன்னேன். லூசியா மேசையையே பார்த்திருந்தாள். அடுக்கிக் காட்டச் சொல்லி அவர் முன்னால் வைத்த சிவப்பு வெள்ளைக் கட்டைகளைக்கூடத் தொடவில்லை.

மாலை வாசலில் அவள் தாய் மரிசோல் ஸ்பானிஷில் மெல்லக் கேட்டாள்: "ஏதும் சொன்னவளோ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

மரிசோலின் முகம் மலர்ந்தது. மகளின் உச்சியில் முத்தமிட்டாள். "என்ர கெட்டிக்காரி."

அப்போதுதான் விளங்கியது. அவர்களிடம் விசா இல்லை. அட்டை போட்டவர் யார் கேட்டாலும் வாய் திறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்த சுகந்தியக்காவிடம் சொன்னேன். "நாங்கள் எங்கட பிள்ளையளுக்குச் சொல்லாததே?" என்றார். "என்ர மூத்தவன் பல்லு டொக்டருக்கே வாய் திறக்கேல்லை." சிரித்தோம். சிரிப்பு நீளவில்லை.

முடிவு வந்தது: கற்கும் திறன் மிகக் குறைவு, சிறப்புப் பள்ளிதான் பொருத்தம். மரிசோலிடம் ஓடினேன்.

"திரும்பச் சோதிக்கச் சொல்லிக் கேக்கலாம். இந்த முறை அவளைப் பேச விடு. அவையள் பிடிச்சுக் குடுக்கிற ஆக்கள் இல்லை."

"உனக்கு அது நிச்சயமோ?"

விசா இல்லாத காலத்தில், கதவு தட்டப்பட்டால் மூச்சடக்கி இருந்த ஆள்தான் நானும்.

"மக்கு எண்டே எழுதட்டும்," என்றாள் மரிசோல். "என்னோட இருப்பாள்தானே."

காலைகளில் சிறப்புப் பள்ளியின் சிறு பஸ் வந்து லூசியாவை ஏற்றிப் போயிற்று. அடுத்த வருடம் அவர்கள் வீடு மாறிவிட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. பள்ளி இருந்த இடத்தில் அடுக்குமாடி. பேச ஆளில்லாமல் என் ஸ்பானிஷும் உதிர்ந்துபோயிற்று. லூசியாவுக்கு இப்போது முப்பது நெருங்கும். அவள் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். உதடுகளை இறுக்கிக்கொண்டிருக்கும் முகம்தான் வருகிறது.