ஜன்னலைச் சாத்திய கை

இந்த நினைவு மலர் உங்கள் கையில் இருக்கும் நாளில் எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைந்திருக்கும். அக்காவைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவன் இல்லை என்றீர்கள். படித்து முடித்த பிறகும் அப்படியே சொல்வீர்களா, தெரியவில்லை.

அக்கா பிறந்தது கல்மண்டபம் பகுதியில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் பிறந்த சில மாதங்களில் அம்மா இறந்துபோக, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அக்காவே எனக்கு அம்மாவானார். எண்ணூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டபோதும் என்னை விட்டுப் போகவில்லை. “சீர்ல எனுக்கு வந்தது ஒரு கட்டிலு, ஒரு பீரோ, ஒரு மச்சான்” என்று மாமா கிண்டல் செய்வார். அந்த நல்ல மனிதரும் மகள் நடை பழகும் முன்பே போய்விட்டார். அதன்பின் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து எங்கள் இருவரையும் அக்காதான் ஆளாக்கினார்.

அங்கே ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வாயு வாடை வரும். எனக்கோ சிறு வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. வாடை தெரிந்ததுமே அக்கா ஜன்னல்களைச் சாத்துவார், ஈரத்துணியைச் சுருட்டிக் கதவடியில் வைப்பார், பிறகு தெருவில் இறங்கிவிடுவார்.

“வாடை வந்துகினு கீது, ஜன்னல சாத்துங்கோ! கொயந்தைங்கள உள்ள இட்டுகினு போங்கோ!”

கடைசி வீடுவரை அந்தக் குரல் போகும். பெரியவர்கள் வேலைக்குப் போன வீடுகளில் தானே உள்ளே நுழைந்து சாத்திவிட்டு வருவார். ஆலைச் சங்கு ஊத மறந்தாலும் அக்கா மறக்க மாட்டார் என்று தெருவில் அவருக்குச் சங்கக்கா என்றே பெயர்.

வாடை என்றால் ஜன்னல். இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. தினமும் பார்த்துப் பார்த்துக் கையில் ஊறிவிட்டது. அக்காவின் அந்தப் பழக்கத்தால்தான் நான் பிழைத்தேன், வளர்ந்தேன், கடைசியில் ஓர் ஆலையிலேயே வேலைக்கும் சேர்ந்தேன்.

போன வருடம் ஒரு நாள் காலை டூட்டிக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை; வாடை மட்டும் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. மூன்று ஜன்னல்களையும் சாத்தினேன், கதவை இழுத்து மூடி வெளியிலிருந்து ஈரத்துணியும் வைத்தேன். முந்தைய நாள் மாற்றிய கேஸ் சிலிண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் இறங்கியபோது அங்கே வாடை இல்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

அக்கா தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றிருந்தார்.

“வாடைக்கா. ஜன்னல சாத்திட்டேன்.”

“நல்லவேள நைனா. எனுக்கு சளி, மூக்கே அடச்சிகினு கீது. நீ கெளம்பு, பஸ் பூடும்.”

நான் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது அந்த வெடிச்சத்தம் கேட்டது. தண்ணீரோடு வீடு திரும்பிய அக்கா டீ வைக்க அடுப்பைப் பற்றவைத்திருந்தார்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாக்குமூலம் வாங்க வந்தவரிடம், நான் கட்டிலருகில் நிற்கும்போதே, “நான்தான் சார் சாத்தினேன், பயக்க தோசம்” என்றார். அவர் எழுதிக்கொண்டு போனதும் என் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

“உனுக்கு இழுப்பு கிழுப்பு ஒண்ணும் இல்லியே நைனா?”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் பழக்கம் அக்காவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டது. “ஊருக்கே வெவரம் சொல்ற அம்மா, கேஸ்னுகூடத் தெரியாம எப்டி மாமா சாத்தினாங்க?” என்று அக்காவின் மகள் கேட்டுக் கேட்டு அழுதபோதெல்லாம் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்துபோன அம்மாமீது அவள் இன்றும் கோபமாக இருக்கிறாள்.

குடத்துத் தண்ணீரோடு முதலில் ஓடிவந்த தெருப் பெண்களுக்கும், ஐந்து நாளும் கண் விழித்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், மாதாமாதம் வந்து விசாரித்த பள்ளி ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா எனக்காகச் சொன்ன பொய்க்கு மட்டும் என்னால் நன்றி சொல்ல முடியவில்லை.

பாப்பா, உன் அம்மா ஜன்னலைச் சாத்தவில்லை. அவர் தெருமுனையில் தண்ணீருக்கு நின்றிருந்தார். சாத்தியவன் உன் மாமா.